மலையில் ஓவர்க்ளாக்: நீலகிரியில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கணினியின் மூளையான ப்ராசஸரைக் கம்பெனி வைத்த வேகத்துக்கு மேல் ஓட்டுவதுதான் ஓவர்க்ளாக். ஊட்டி, குன்னூர், கோத்தகிரி பக்கம் கணினி அசெம்பிள் செய்து தருகிறவன் என்பதால் இந்தக் கேள்விகள் என்னிடம் திரும்பத் திரும்ப வருகின்றன. கேம் விளையாடும் கல்லூரிப் பிள்ளைகள், கல்யாண வீடியோ எடிட் செய்பவர்கள், வீட்டிலிருந்தே ஐடி வேலை பார்ப்பவர்கள் என்று எல்லோரும் கேட்கிறார்கள். பதில்கள் டெஸ்க்டாப் ப்ராசஸருக்கு மட்டும். லேப்டாப்பில் இவற்றை முயல வேண்டாம். கொடைக்கானலின் உயரமும் ஏறக்குறைய 2,100 மீட்டர் என்பதால் அங்கே இருப்பவர்களுக்கும் பெரும்பாலானவை பொருந்தும்.

ஊட்டிக் குளிருக்கு ப்ராசஸரை எவ்வளவு வேண்டுமானாலும் ஏற்றலாம் என்கிறார்களே, உண்மையா?

இல்லை. மலையில் நான் பார்க்கும் கெட்டுப்போன செட்டிங்குகள் பலவும் இந்த நம்பிக்கையில் ஆரம்பித்தவைதான்.

குளிரால் லாபம் உண்டு. கூலர் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் அறையின் வெப்பத்துக்குக் கீழே ப்ராசஸரைக் கொண்டுபோக முடியாது. 33 டிகிரி அறையில் ஆரம்பிக்கும் சென்னைக் கணினியைவிட 18 டிகிரி அறையில் ஆரம்பிக்கும் ஊட்டிக் கணினிக்கு 15 டிகிரி முன்னிலை கிடைக்கிறது.

ஆனால் அந்த 15 முழுசாகக் கைக்கு வராது. ஊட்டி கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அந்த உயரத்தில் காற்றின் அடர்த்தி கடற்கரையில் இருப்பதைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. ஃபேன் அதே வேகத்தில் சுற்றினாலும் ஹீட்சிங்க் (கூலரின் உலோகத் தகடுகள்) வழியாகப் போகும் காற்றின் எடை குறைகிறது, அது சுமந்துபோகும் வெப்பமும் குறைகிறது. முழு லோடில் (முழு வேலைப் பளுவில்) அறையைவிட 50 டிகிரி கூடுதலாக ஏறும் ப்ராசஸர் இங்கே 55, 56 என்று ஏறலாம். சென்னையில் 83 டிகிரியைத் தொட்டது ஊட்டியில் 74-க்குப் பக்கத்தில் நிற்கும், 68-ல் அல்ல. லிக்விட் கூலர் போட்டாலும் இதே கதைதான். அதன் ரேடியேட்டரையும் காற்றுதானே குளிர்விக்கிறது.

இதைவிட முக்கியமானது வோல்டேஜ். ப்ராசஸருக்குள் இருக்கும் நுண்ணிய கம்பிகளும் டிரான்சிஸ்டர்களும் தேய்வதற்கு வெப்பம் ஒரு காரணம், வோல்டேஜும் மின்னோட்டமும் மற்ற காரணங்கள். 1.45 வோல்ட் எல்லாக் கோர்களுக்கும் (ப்ராசஸருக்குள் தனித்தனியாக வேலை செய்யும் பகுதிகள்) நாள் முழுக்கப் போனால் வெப்பமானி 70 டிகிரி காட்டினாலும் சில்லு உள்ளே தேய்ந்துகொண்டிருக்கும். மேட்டுப்பாளையத்தில் ஆகாத வோல்டேஜ் தொட்டபெட்டாவிலும் ஆகாது. குளிர் அந்த எண்ணைக் கண்ணிலிருந்து மறைத்துவிடுகிறது. வெப்பம் குறைவாக இருப்பதைப் பார்த்து இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று ஏற்றிக்கொண்டே போகத் தோன்றும். அங்கேதான் நிறுத்திக்கொள்ள வேண்டும்.

ஓவர்க்ளாக் செய்யும்போது உள்ளே என்ன மாறுகிறது?

ப்ராசஸரின் வேகம் இரண்டு எண்களின் பெருக்கல். பேஸ் க்ளாக் பொதுவாக 100 மெகாஹெர்ட்ஸ். அதை மல்டிப்ளையர் பெருக்குகிறது: 48 என்றால் 4.8 கிகாஹெர்ட்ஸ், 50 என்றால் 5. நாம் கூட்டுவது மல்டிப்ளையரை. பேஸ் க்ளாக்கைத் தொடாதீர்கள், அதனோடு வேறு பாகங்களின் வேகமும் சேர்ந்து நகரக்கூடும்.

வேகம் கூடினால் டிரான்சிஸ்டர்கள் இன்னும் சீக்கிரம் திறந்து மூட வேண்டும், அதற்குக் கூடுதல் வோல்டேஜ் கேட்கும். வெப்பமோ வேகத்தோடு நேராகவும் வோல்டேஜின் வர்க்கத்தோடும் ஏறுகிறது. ஒரு கணக்கு போட்டுப் பாருங்கள். 4.8-லிருந்து 5.0 கிகாஹெர்ட்ஸுக்குப் போக 1.20 வோல்ட்டை 1.30 ஆக்க வேண்டியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வேகம் 4 சதவீதம்தான் கூடியது. வெப்பம் 22 சதவீதம் கூடிவிட்டது. கடைசி 100, 200 மெகாஹெர்ட்ஸுக்காக ஆசைப்படக் கூடாது என்று நான் சொல்வதற்கு இந்தக் கணக்குதான் காரணம்.

என் ப்ராசஸரில் செய்ய முடியுமா?

இன்டெல் என்றால் பெயரின் முடிவில் கே என்ற எழுத்து இருக்க வேண்டும் (கேஎஃப், கேஎஸ் ஆகியவையும் சரி). மதர்போர்டு இசட் வரிசையாக இருக்க வேண்டும்: இசட்690, இசட்790 போல. பி660, பி760 போர்டுகளில் ரேமை ஏற்றலாம், ப்ராசஸர் மல்டிப்ளையரை ஏற்ற முடியாது.

ஏஎம்டி ரைசனில் பெரும்பாலானவை திறந்தே இருக்கின்றன. போர்டு பி அல்லது எக்ஸ் வரிசையாக இருந்தால் போதும். ஏ320, ஏ520, ஏ620 ஆகாது. கூடுதல் கேஷ் நினைவகத்தோடு வரும் எக்ஸ்3டி வகை மட்டும் தனி. 2022-ல் வந்த 5800எக்ஸ்3டி-யில் மல்டிப்ளையர் பூட்டப்பட்டது, 2024-ன் 9800எக்ஸ்3டி-யில் திறந்துவிட்டார்கள். வாங்கும் முன் உங்கள் மாடலின் பெயரை வைத்து ஏஎம்டி தளத்தில் பார்த்துவிடுங்கள்.

எவ்வளவு வேகம் கூடும்?

இன்றைய ப்ராசஸர்களில் கொஞ்சம்தான். 1998-ல் வந்த செலரான் 300ஏ-வை 450 மெகாஹெர்ட்ஸில் ஓட்டினார்கள், அதாவது பாதிக்குப் பாதி கூடுதல். 2011-ன் ஐ5-2500கே 3.3 கிகாஹெர்ட்ஸில் இருந்து 4.5-க்குப் பலரிடம் சிரமமில்லாமல் போனது. அப்போது கம்பெனிகள் நிறைய இடம் விட்டுவைத்திருந்தன. இப்போது டர்போ, பூஸ்ட் என்ற பெயர்களில் அந்த இடத்தைத் தொழிற்சாலையிலேயே பயன்படுத்திவிடுகிறார்கள். மீதி கிடைப்பது பல சமயம் ஒற்றை இலக்க சதவீதம்.

மலைக்காரர்களுக்கு இதில் ஒரு நல்ல செய்தி. ரைசனின் பூஸ்ட் வெப்பத்தைப் பார்த்தே வேகத்தைத் தீர்மானிக்கிறது. இன்டெலின் சில ஐ9-களும் 70 டிகிரிக்குக் கீழே இருந்தால் 100 மெகாஹெர்ட்ஸ் கூடுதலாக எடுத்துக்கொள்கின்றன. நம் ஊர்க் குளிரின் பலனில் ஒரு பங்கு எதையும் தொடாமலே வந்துவிடுகிறது.

ஜனவரியில் செட் செய்தது ஏப்ரலில் தொங்குகிறது. ப்ராசஸர் போய்விட்டதா?

பெரும்பாலும் இல்லை. உறைபனிக் காலத்தில் அறை 8, 10 டிகிரியில் இருக்கும்போது சோதித்துவிட்டு "ஸ்டேபிள்" என்று முடிவு செய்திருப்பீர்கள். சூடு ஏற ஏற அதே வேகத்துக்குக் கொஞ்சம் கூடுதல் வோல்டேஜ் தேவைப்படும். சீசனில் மதியம் ஜன்னலைச் சாத்திவிட்டு கேம் ஓடினால் அறை 25-ஐத் தாண்டும். ஜனவரியில் இருந்த 15 டிகிரி இடைவெளி காணாமல்போயிருக்கும்.

அதனால் இறுதிச் சோதனையை ஏப்ரல், மே மதியத்தில் வையுங்கள். அதுவரை பொறுக்க முடியாது என்றால் அறையின் கதவு ஜன்னலைச் சாத்தி, கேபினட் ஃபேன்களின் வேகத்தைக் குறைத்துச் சோதியுங்கள். அதில் நின்றால் கோடையில் நிற்க வாய்ப்பு அதிகம்.

கோடை முடிந்து மறுபடி குளிர் வந்த பிறகும் அதே செட்டிங்கில் தொங்கினால் கவலைப்பட வேண்டும். முன்பு நின்ற வேகத்துக்கு இப்போது கூடுதல் வோல்டேஜ் கேட்கிறது என்றால் சில்லு தேய்ந்திருக்கலாம். வேகத்தையும் வோல்டேஜையும் உடனே கீழே இறக்கிவிடுங்கள்.

சரி, எங்கிருந்து ஆரம்பிப்பது?

முதலில் எதையும் மாற்றாமல் அளந்து எழுதிவையுங்கள். ஹெச்டபிள்யூஇன்ஃபோ என்ற இலவச மென்பொருளைத் திறந்து, ப்ராசஸரை முழுசாக வேலை வாங்கும் சினிபெஞ்சைப் பத்து நிமிடம் ஓடவிட்டு, அதிகபட்ச வெப்பம், வோல்டேஜ், வாட், கிடைத்த ஸ்கோர், அறை வெப்பம் எல்லாவற்றையும் காகிதத்தில் குறித்துக்கொள்ளுங்கள். பயாஸ் (கணினி ஆன் ஆனதும் முதலில் ஓடும், போர்டில் இருக்கும் மென்பொருள்) செட்டிங்குகளை ஃபோனில் படம் எடுத்துவையுங்கள். ஸ்டாக் நிலையிலேயே (எதையும் மாற்றாத கம்பெனி செட்டிங்கில்) 90 டிகிரியைத் தொடுகிறது என்றால் ஓவர்க்ளாக் பேச்சே வேண்டாம். கூலரைச் சரியாகப் பொருத்தி, தெர்மல் பேஸ்ட்டைப் புதிதாகப் போடுவதுதான் முதல் வேலை.

அப்புறம் பயாஸைப் புதுப்பியுங்கள். யூபிஎஸ் இருக்கும்போது மட்டும். பாதியில் கரண்ட் போனால் போர்டு எழாமல் போகலாம்.

ரைசன் வைத்திருப்பவர்களுக்கு நான் சிபாரிசு செய்வது ஒன்றே ஒன்று: பயாஸின் பிபிஓ பகுதியில் இருக்கும், கோர்களின் வோல்டேஜை மாற்றும் கர்வ் ஆப்டிமைசர். இதில் வோல்டேஜை ஏற்றுவதில்லை, குறைக்கிறோம். எல்லாக் கோருக்கும் மைனஸ் 10 (வோல்ட் அல்ல, சிறு படிகள்) கொடுத்து ஆரம்பியுங்கள். நின்றால் மைனஸ் 15, 20 என்று போகலாம். ஒவ்வொரு கோரும் ஒவ்வொரு அளவு தாங்கும். வேகமான கோர்கள்தான் பெரும்பாலும் குறைவாகத் தாங்கும். வோல்டேஜ் குறைவதால் சூடு குறைகிறது, சூடு குறைந்ததால் பூஸ்ட் தானாக மேலே போகிறது. எல்லாக் கோரையும் ஒரே வேகத்தில் பூட்டும் பழைய முறையில் ஒற்றைக் கோர் வேகம் பல சமயம் குறைந்துவிடும். கேமுக்கு அது நஷ்டம்.

இன்டெல் கே ப்ராசஸரில் மல்டிப்ளையரை ஒவ்வொரு படியாக ஏற்றுங்கள். ஒரு படி என்பது 100 மெகாஹெர்ட்ஸ். ஒவ்வொரு படிக்கும் பத்துப் பதினைந்து நிமிடம் சோதனை. தொங்கினால் வோல்டேஜில் 0.01 மட்டும் கூட்டிப் பாருங்கள். வோல்டேஜை "ஆட்டோ"வில் விட்டுவிட்டு மல்டிப்ளையரை மட்டும் ஏற்றாதீர்கள். போர்டு தன் பாதுகாப்புக்கென்று தேவைக்கு மேலேயே ஊற்றும். அடாப்டிவ் முறையை வைத்தால் சும்மா இருக்கும் நேரத்தில் வோல்டேஜ் இறங்கிக்கொள்ளும். லோடு ஏறும்போது வோல்டேஜ் சரிவதை ஈடுகட்டும் லோட் லைன் காலிப்ரேஷன் என்பதை நடு நிலையில் வையுங்கள். உச்சத்தில் வைத்தால் லோடு சட்டென்று இறங்கும் கணத்தில் வோல்டேஜ் துள்ளும், அந்தத் துள்ளலை மென்பொருள் காட்டாது.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். ரேம், ப்ராசஸர் இரண்டையும் ஒரே இரவில் மாற்றினால் எது தொங்கவைத்தது என்று கண்டுபிடிக்கவே முடியாது.

எந்த வெப்பம், எந்த வோல்டேஜ் வரை பயமில்லை?

இன்டெலின் 12 முதல் 14-ம் தலைமுறை வரை பெரும்பாலான டெஸ்க்டாப் ப்ராசஸர்களுக்கு உச்ச வரம்பு 100 டிகிரி. ரைசன் 7000 வரிசையில் பெரும்பாலானவற்றுக்கு 95, எக்ஸ்3டி-க்கு 89. அதைத் தொட்டால் ப்ராசஸர் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், அதனால் உடனே எரிந்துபோகாது. நான் வைக்கும் எல்லை இதற்குக் கீழே: கோடை மதியத்தில், கடும் சோதனையில் 85. சாதாரண கேமில், எடிட்டிங்கில் 75-ஐத் தாண்டக் கூடாது.

வோல்டேஜில், எல்லாக் கோரும் லோடில் இருக்கும்போது 1.30-க்கு மேலே நான் போவதில்லை. இது என் எச்சரிக்கையான எல்லை. இதற்கு மேலே ஓட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். ஆனால் கணினியை ஐந்தாறு வருஷம் வைத்திருக்க வேண்டிய வீட்டுக்கு இதுதான் சரி. ரைசன் 5000-ல் ஒற்றைக் கோர் ஓடும்போது 1.4, 1.45 என்று காட்டினால் பதறாதீர்கள். மின்னோட்டம் குறைவாக இருக்கும் நேரத்தில் கம்பெனியே அனுமதித்த அளவு அது. அதே எண்ணை எல்லாக் கோருக்கும் நிரந்தரமாகக் கொடுப்பதுதான் ஆபத்து.

எவ்வளவு நேரம் சோதித்தால் போதும்?

பத்து நிமிட சினிபெஞ்ச் போதாது. பிரைம்95 அல்லது ஓசிசிடி என்ற சோதனை மென்பொருள் ஒரு மணி நேரம், பிறகு நீங்கள் உண்மையில் செய்யும் வேலை ஒரு வாரம். கர்வ் ஆப்டிமைசர் போட்டிருந்தால் லோடில் நின்றாலும் சும்மா இருக்கும்போது ரீஸ்டார்ட் ஆகலாம். அதற்குக் கோர்சைக்ளர் என்ற இலவசக் கருவி ஒவ்வொரு கோராகச் சோதிக்கிறது. இரவு முழுக்க ஓடவிடுங்கள்.

தொங்கவில்லை என்பதாலேயே சரியாக இருக்கிறது என்று அர்த்தமல்ல. விண்டோஸின் ஈவென்ட் வியூவரில் டபிள்யூஹெச்இஏ-லாகர் என்ற பெயரில் ஹார்ட்வேர் பிழைகள் பதிவாகியிருக்கின்றனவா என்று பாருங்கள். இருந்தால் அந்த செட்டிங் ஆகாது. கல்யாண வீடியோ ரெண்டர் ஆகும்போது ஒரு கணக்கு தப்பாகப் போனால் ஃபைல் கெட்டுப்போகும். அந்த முகூர்த்தத்தை மறுபடி எடுக்க முடியுமா? சோதனை முடியும்வரை முக்கியமான ஃபைல்கள் வேறு டிஸ்கில் நகலாக இருக்கட்டும்.

பனிமூட்டம் வீட்டுக்குள்ளேயே வருகிறது. ஈரம் கணினியைக் கெடுக்காதா?

ஓடிக்கொண்டிருக்கும் கணினியைக் கெடுப்பது கடினம். காற்றில் இருக்கும் ஈரம் அந்தக் காற்றைவிடக் குளிர்ந்த பரப்பில்தான் நீராகப் படியும். ஓடும் கணினி அறையைவிடச் சூடாக இருப்பதால் உள்ளே பனி படியாது. லிக்விட் கூலரும் அறை வெப்பத்துக்குக் கீழே போகாது, அதனால் "தண்ணிக் கூலர் போட்டால் வேர்க்கும்" என்ற பயம் தேவையில்லை. ஐஸ் கட்டி, ஃப்ரிட்ஜ், பெல்டியர் (மின்சாரத்தால் குளிரும் தகடு) என்று அறையைவிடக் குளிர்விக்க முயன்றால்தான் வேர்க்கும். 2022-ல் இன்டெலின் 13900கே-யை 9 கிகாஹெர்ட்ஸ் தாண்டவைத்தவர்கள் திரவ ஹீலியம் பயன்படுத்தினார்கள். அது சில நிமிடச் சாதனைக்கான ஏற்பாடு, வீட்டு வேலைக்கானது இல்லை.

ஆபத்து அணைத்துவைத்த கணினிக்குத்தான். இரவெல்லாம் குளிர்ந்து கிடந்த கேபினட் இருக்கும் அறையில் காலையில் வெந்நீர் கொதிக்கிறது, ஹீட்டர் ஓடுகிறது, ஆட்கள் நடமாடுகிறார்கள். சூடான ஈரக் காற்று குளிர்ந்த இரும்பில் பட்டு நீர்த்துளி ஆகும். அந்த நேரத்தில் உடனே பவர் பட்டனை அழுத்தாதீர்கள். அறையும் கணினியும் ஒரே சூட்டுக்கு வரட்டும். கூடலூர், தேவாலா பக்கம் ஜூன் முதல் செப்டம்பர் வரையிலும், குன்னூர், கோத்தகிரி பக்கம் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலும் மழைக்காலத்தில் கணினியை நாள்கணக்கில் அணைத்துவைக்காமல் தினம் ஒரு மணி நேரமாவது ஓடவிடுவது நல்லது. ஈரச் சுவரை ஒட்டி, தரையில் வைக்க வேண்டாம்.

கரண்ட் ஏற்ற இறக்கம் ஓவர்க்ளாக்கைப் பாதிக்குமா?

நிச்சயமாக. பைக்காராவிலும் குந்தாவிலும் மின்சாரம் உற்பத்தியாகிறது என்றாலும் நம் வீட்டுக்கு வரும் கம்பி கற்பூர மரங்களுக்கும் சரிவுகளுக்கும் இடையே வருகிறது. காற்றடித்தால் கிளை விழும், கரண்ட் போய்ப் போய் வரும்.

தரமான எஸ்எம்பிஎஸ் (கணினியின் பவர் சப்ளை) இதில் பாதிப் பாதுகாப்பு. ப்ராசஸர், கிராபிக்ஸ் கார்டு இரண்டின் உச்ச வாட்டையும் கூட்டி, அதற்கு மேல் மூன்றில் ஒரு பங்கு கூடுதலாக வாங்குங்கள். சில எஸ்எம்பிஎஸ், அடாப்டர்களின் லேபிளில் மலைக்குறியோடு 2000 மீட்டர் அல்லது 5000 மீட்டர் என்று இருக்கும். மெல்லிய காற்றில் மின்காப்பு பலவீனமாகிறது என்பதால் வரும் குறி அது. ஊட்டி 2000-ஐத் தாண்டிய ஊர், ஆகவே 5000 என்று போட்டதைத் தேர்ந்தெடுங்கள்.

600 விஏ யூபிஎஸ் சுமார் 360 வாட்தான் தாங்கும். கிராபிக்ஸ் கார்டோடு ஓவர்க்ளாக் செய்த கணினிக்கு அது பற்றாது. மலிவான யூபிஎஸ் பேட்டரிக்கு மாறும்போது தரும் அலைவடிவம் சில நல்ல எஸ்எம்பிஎஸ்களுக்கு ஒத்துவராமல் கணினி அணைந்துவிடுவதும் உண்டு. சைன் வேவ் வகையைக் கேட்டு வாங்குங்கள். எர்த்திங்கை ஒருமுறை எலக்ட்ரீஷியனிடம் அளந்து பார்க்கச் சொல்லுங்கள். பாறை நிலத்தில் பல வீடுகளில் எர்த் பெயருக்குத்தான் இருக்கிறது. கோடை இடி மழையில் பிளக்கோடு நெட் கேபிளையும் கழற்றிவிடுங்கள்.

என்னிடம் 13 அல்லது 14-ம் தலைமுறை இன்டெல் இருக்கிறது. செய்யலாமா?

முதலில் பயாஸ். அந்தத் தலைமுறையின் உயர்ரக ப்ராசஸர்கள் தேவைக்கு மேல் வோல்டேஜ் கேட்டு, நாளடைவில் நிலைகுலைந்தன. இன்டெல் 2024 ஆகஸ்ட், செப்டம்பரில் இதற்கான மைக்ரோகோட் (பயாஸ் வழியாக ப்ராசஸருக்குள் ஏறும் கட்டளைகள்) திருத்தங்களை வெளியிட்டது, வாரண்டியையும் இரண்டு ஆண்டு நீட்டித்தது. அதற்குப் பிந்தைய பயாஸ் போட்டு, இன்டெல் டீஃபால்ட் செட்டிங்கைத் தேர்ந்தெடுத்து, அதிலேயே விட்டுவிடுங்கள். இந்த ப்ராசஸர்களை ஓவர்க்ளாக் செய்ய நான் யாருக்கும் சொல்வதில்லை.

ரேமில் எக்ஸ்எம்பி, எக்ஸ்போ போடுவதும் ஓவர்க்ளாக்கா?

ரேமை அதன் பெட்டியில் போட்டிருக்கும் வேகத்தில் ஓடவைக்கும் பயாஸ் செட்டிங்குகள் இவை. கம்பெனிகளின் கணக்கில் ஆமாம். ஆனால் ஆபத்து குறைந்தது, பலன் கண்ணுக்குத் தெரிவது. போட்ட பிறகு ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86 ஒரு முழுச் சுற்று ஓடட்டும். 2023-ல் ரைசன் 7000 எக்ஸ்3டி ப்ராசஸர்கள் சில எரிந்துபோனதற்கு எக்ஸ்போ போட்டபோது போர்டுகள் ஏற்றிவிட்ட, ப்ராசஸருக்குள் ரேமைக் கையாளும் பகுதிக்குப் போகும் எஸ்ஓசி வோல்டேஜைக் காரணமாகச் சொன்னார்கள். அதன் பிறகு ஏஎம்டி அதை 1.3 வோல்ட்டில் கட்டுப்படுத்தியது. பழைய பயாஸ் வைத்திருப்பவர்கள் இதையும் சேர்த்துப் புதுப்பித்துக்கொள்ளுங்கள்.

செட்டிங் மாற்றினேன், ஸ்கிரீனே வரவில்லை.

போர்டு போய்விடவில்லை. ஐந்து நிமிடம் பொறுங்கள், டிடிஆர்5 போர்டுகள் ரேமைப் பழக்கிக்கொள்ளவே நேரம் எடுக்கும். அப்படியும் வராவிட்டால் பவரைக் கழற்றி, போர்டில் இருக்கும் காசு வடிவ பேட்டரியை எடுத்து, சில நிமிடம் கழித்துப் போடுங்கள். பயாஸ் செட்டிங்குகளை அழிக்கும் க்ளியர் சிமாஸ் பின் போர்டில் இருந்தால் அதுவே போதும். எல்லாம் பழைய நிலைக்கு வந்துவிடும்.

வாரண்டி போய்விடுமா?

ஓவர்க்ளாக்கால் வந்த சேதத்துக்கு ஏஎம்டி வாரண்டி தருவதில்லை. அவர்களுடைய மென்பொருளிலேயே செய்திருந்தாலும் அப்படித்தான். இன்டெலும் அதே நிலைதான். ஓவர்க்ளாக் சேதத்துக்கு முன்பு காசு வாங்கிக்கொண்டு தந்த பாதுகாப்புத் திட்டத்தை 2021-ல் நிறுத்திவிட்டது. நமக்கு இதில் கூடுதல் சிரமம் ஒன்று உண்டு. சர்வீஸ் சென்டருக்குப் பெரும்பாலும் கோயம்புத்தூர் போக வேண்டும், கொடைக்கானல்காரர்கள் மதுரை. மழையில் மண் சரிந்தால் அந்தப் பாதையும் இருக்காது. கடையின் கணக்கு, தேயிலைத் தொழிற்சாலையின் எடைக் கணக்கு, ஆஸ்பத்திரி பில் போடும் கணினிகளை எந்தக் காரணத்துக்கும் ஓவர்க்ளாக் செய்யாதீர்கள்.

கணினியை மலையிலிருந்து கீழே கொண்டுபோக வேண்டும். என்ன கவனிக்க வேண்டும்?

பெரிய டவர் கூலர் ஒரு கிலோவைத் தாண்டும். மேட்டுப்பாளையம் பாதையின் 14 கொண்டை ஊசி வளைவுகளிலும், அதைவிட மோசமாகக் கல்லட்டியின் 36-லும் அந்த எடை மதர்போர்டைப் பிடித்து ஆட்டும். கூலரைக் கழற்றிவிடுங்கள். முடியாது என்றால் கேபினட்டைப் படுக்கவைத்து, மதர்போர்டு அடியிலும் கூலர் அதன் மேல் நேராக நிற்கும்படியும் வையுங்கள். கிராபிக்ஸ் கார்டைத் தனியாக எடுத்து அதன் பெட்டியில் கொண்டுபோங்கள்.

கீழே போய்ச் சேர்ந்ததும் உடனே திறக்காதீர்கள். ஊட்டிக் குளிரில் இருந்த இரும்பு மேட்டுப்பாளையத்தின் ஈரக் காற்றைக் கண்டதும் வேர்க்கும். மூடிய பெட்டிக்குள்ளேயே மூன்று, நான்கு மணி நேரம் இருக்கட்டும். ஆன் செய்ததும் விண்டோஸுக்குப் போகும் முன் பயாஸில் ஸ்டாக் செட்டிங்கை ஏற்ற வேண்டும் என்பதை நினைவில் வையுங்கள். ஊட்டிக்குப் போட்ட வேகம் கோவையின் மே மாதத்துக்கு ஆகாது. அங்கே மறுபடி முதல் அளவீட்டிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.